நாடி எண்பதுக்குள்

விமானச் சீட்டு எடுப்பதில் நான் கெட்டிக்காரன் என்று தோஹாவில் என் அறைக்காரர்கள் சொல்வார்கள். பதற்றத்தோடு யாரும் பறக்கக் கூடாது என்று விதி வந்தபின், முன்பதிவின்போது திரையில் விரலை வைக்க வேண்டும். நாடி எண்பதைத் தாண்டினால் அன்றைக்குச் சீட்டு கிடையாது. ஊரை நினைக்காதீர்கள், மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லுங்கள் என்பதுதான் எல்லாருக்கும் நான் தந்த யோசனை. அப்படியே நானும் நாற்பது முறை பறந்திருக்கிறேன்.

சென்ற ஆடியில் என் மனைவி பூங்கோதையை நெல்லையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். மறுநாள் காலையில் நான் விரல் வைக்கப் போன நேரம், மைத்துனன் ஐயாத்துரை அழைத்தான்.

“அத்தான், அக்கா உங்ககிட்ட ஏதோ பேசணுங்கா. போனைக் காதுல வைக்கட்டா?”

“வேண்டாம்ல. அவ கொரலக் கேட்டா நாடி ஏறிரும், சீட்டு போயிரும். நேர்ல வந்து பேசுதேன்னு சொல்லு.”

“ரெண்டு நிமிசந்தான் அத்தான். எங்கையைப் பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்கா.”

“சொன்னாக் கேளுல! வையி போனை.”

அழைப்பைத் துண்டித்தேன். வாய்ப்பாட்டை இரண்டு முறை சொல்லியும் நெஞ்சு அடங்கவில்லை. மூன்றாம் முறை சொல்லி விரலை வைத்தேன். எழுபத்தெட்டு. சீட்டு கிடைத்தது.

மாலையில் மதுரையில் இறங்கியபோது ஐயாத்துரை வெளியே நின்றான். பையை வாங்கிக்கொண்டான்; என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் விமானத்தில் இருந்தபோதே அவள் போய்விட்டாளாம்.

“என்னல சொல்ல நெனச்சா?” என்று கேட்டேன்.

“நானும் கேட்டேன் அத்தான். அத அவியகிட்டதான் சொல்லணும்னுட்டா.”