பதினேழாம் நம்பர் ஃபேன்

"ஏனுங்க அம்மணி, இந்த ஃபேனை டெஸ்டுல போட்டு எத்தனை நாளாச்சு?"

கௌதமன் கேட்டதும், டெஸ்ட் வேலை பார்க்கும் செவ்வந்தி நோட்டைப் புரட்டினாள். புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் அதே ஃபேன்தான். சாம்பிள் நம்பர் பதினேழு.

"மாசிக் கடைசியில போட்டதுங்க சார்."

"இப்ப சித்திரை! மோட்டார் எவ்வளவு சூடாகுதுன்னு பாக்க மூணு மணி நேரம் ஓட்டுனாப் போதும். நீங்க ரெண்டு மாசமா ஓட்டறீங்க!"

"டெஸ்டுதானுங்களே சார்... நல்லா நிதானமாத் தெரிஞ்சுக்கலாம்னு."

அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் பேக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கணபதி என்கிற பகுதியில் இருந்த அந்தச் சின்ன ஃபேன் கம்பெனிக்கு இன்ஜினியராகக் கௌதமன் வந்து மூன்று நாள்தான் ஆகிறது. வந்த அன்றே அவனுக்கு உறுத்தியது. காற்றுப் புகாத தனி அறையில் நடக்க வேண்டிய டெஸ்ட், பேக்கிங் நடக்கும் தகர ஷெட்டுக்கு நடுவில் நடக்கிறது. ஃபேனுக்கு நேர் கீழே சேலையில் ஒரு தொட்டில் வேறு. பேக்கிங் செய்யும் பூவாத்தாளின் ஐந்து மாதக் குழந்தை அதில் தூங்குகிறது.

கம்பெனியா, சந்தையா?

இன்றைக்கு விடுவதாக இல்லை. காலையில் மோட்டார் ஆறிக் கிடந்தபோதே காயிலின் ஓம்ஸை, அதாவது மின்தடையை, அளந்து வைத்திருந்தான். இப்போது ஃபேனை நிறுத்தி மறுபடி அளந்தான். காயில் சூடேற ஏற ஓம்ஸ் கூடும். கூடினதை வைத்துச் சூட்டைக் கணக்குப் போட்டான்.

இருக்க வேண்டியதைவிட முப்பது டிகிரி அதிகம்!

ஸ்டூலில் ஏறிப் பார்த்தால், மூன்று றெக்கைகளையும் யாரோ வேண்டுமென்றே முறுக்கி வளைத்திருந்தார்கள். அப்படி வளைத்தால் காற்று அதிகம் வரும். ஆனால் அளவுக்கு மேல் மூட்டை ஏற்றின வண்டிமாடு மாதிரி மோட்டார் திணறிச் சூடாகும்.

"யாரு வளைச்சது?"

"நானில்லீங்க."

"அப்பறம் யாரு?"

"அதைச் சொல்றதுக்கில்லீங்க சார்."

"சொல்லலீன்னா உங்க வேலை போயிரும்."

செவ்வந்தியின் முகம் சுண்டிப்போனது. "போனாப் போகட்டுமுங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துப்போட்டேன்."

காற்று நின்றதில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. "ஃபேனை யாரும் போடக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கௌதமன் நேராக முதலாளி அறைக்குப் போனான்.

முதலாளி வெள்ளியங்கிரி கிணத்துக்கடவில் தேங்காய் வியாபாரம் செய்து, அந்த லாபத்தில் கம்பெனி தொடங்கியவர். பகலில் லைட் எரிந்தால் தானே எழுந்து போய் அணைப்பார். ஷெட்டுக்கு ஒரு ஃபேன் வேண்டும் என்று பெண்கள் கேட்டு வந்தபோது, "ஃபேன் விக்கறதுக்கு அம்மணி, மாட்டறதுக்கில்லை" என்று அவர் திருப்பி அனுப்பியது கணபதி முழுக்கப் பிரசித்தம்.

கௌதமன் ரிப்போர்ட்டை நீட்டினான். "யாரோ றெக்கையை வளைச்சிருக்காங்க. செவ்வந்திக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கறாங்க. அவங்களை வேலையை விட்டு நிறுத்துங்க. இல்லீன்னா நான் டெஸ்ட் நோட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்."

வெள்ளியங்கிரி ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. ஷெட் பக்கம் காது கொடுத்தார்.

"கொழந்த ஏன் அழுகுது?"

"ஃபேனை நிறுத்திட்டேனுங்க."

"நிறுத்திட்டீங்களா!" துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். கௌதமனும் பின்னாலேயே போனான்.

பூவாத்தாள் அட்டைத் துண்டால் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். முதலாளியைப் பார்த்ததும் மற்ற பெண்கள் அவசரமாகப் பெட்டி ஒட்டத் தொடங்கினார்கள்.

"ஏனுங்க தம்பி, றெக்கையை நல்லா வளைச்சாக் காத்து கூடத்தானே செய்யும்?"

"கூடுமுங்க. சூடும் கூடும். இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா காயில் புகைஞ்சு எரிஞ்சிருக்கும்."

"எரிஞ்சிருக்குமா? தொட்டிலுக்கு மேலயா?"

தேங்காய் மட்டை மாதிரி உறுதியான மனிதர், அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கென்ன தம்பி தெரியும்? தேங்காயத் தட்டிப் பாக்கத் தெரியும், மோட்டாரத் தெரியாது. கொழந்தைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு. காத்துப் பத்தலீன்னு நான்தான் போன ஞாயித்துக்கெழம வந்து வளைச்சேன். இந்தப் புள்ள ஸ்டூலைப் புடிச்சுது."

செவ்வந்தி தலையைக் குனிந்தபடி சிரித்தாள். கௌதமனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"மன்னிச்சுக்குங்க அம்மணி" என்றான் அவளிடம். பிறகு முதலாளியைப் பார்த்தான். "நீங்களே ஒரு ஃபேன் மாட்டச் சொல்லியிருக்கலாமுங்களே?"

"அதெப்படி? ஷெட்டுல ஃபேன் கெடையாதுன்னு அத்தனை பேருக்கு முன்னால சொல்லிப்போட்டேன். சொன்னாச் சொன்னதுதான்." எழுந்து மேலே கை காட்டினார். "அது ஃபேன் இல்லீங்க. டெஸ்டிங்."

இந்த முறை பெண்கள் வாயைப் பொத்தவில்லை. தகரம் அதிரச் சிரித்தார்கள்.

கௌதமன் ரிப்போர்ட்டை நான்காகக் கிழித்தான். நோட்டை வாங்கி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினான்.

"பதினேழாம் நம்பர் ஃபெயில். கழட்டிருங்க. ஒரே சாம்பிளை வெச்சு முடிவுக்கு வர முடியாதுங்க. நேரான றெக்கையோட நாலு புது ஃபேன் வேணும். ஷெட்டுல மூலைக்கு ஒண்ணா மாட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஓட்டிப் பாக்கணும்."

"நாலா?" வெள்ளியங்கிரி வாயைப் பிளந்தார். "டெஸ்ட் எப்பத் தம்பி முடியும்?"

கௌதமன் தொட்டிலை எட்டிப் பார்த்தான்.

"இவன் நடந்து பள்ளிக்கூடம் போற அன்னிக்கு முடிஞ்சிருமுங்க."