வளைவில் ஒரு நீளச் சங்கு

கல்மிகாட்டி வளைவில் ஆறு குறுகலாகத் திரும்பும். எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் எந்த லாஞ்சும் அங்கே நீளமாக ஒரு சங்கு ஊதும். மறுபக்கத்திலிருந்து பதில் சங்கு வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும்.

பதினோரு வருடமாக, லாஞ்ச் ஓட்டும் சாரெங் தொஃபஸல் அங்கே ஊதும்போதெல்லாம் பதில் வந்தது. தொண்டை கட்டியது போன்ற சங்கு. ஒதுங்கி நிற்பார். படகு எதுவும் வராது. ஓர் அலை மட்டும் லாஞ்சை ஆட்டிவிட்டுப் போகும். அது பதினோரு வருடம் முன் பயணிகளோடு மூழ்கிய ‘ஷாப்லா’ லாஞ்சின் சங்கு என்று அவருக்குத் தெரியும். அன்று அது ஊதியும், பதில் ஊதாமல் வளைவுக்குள் புகுந்து அதை மூழ்கடித்தவரே அவர்தான். விசாரணையில் பழியை மூடுபனிமேல் போட்டுத் தப்பித்தார்.

இன்று காலை ஊதினார். பதில் இல்லை.

“வழி காலி, சாச்சா. போலாமா?” என்றான் சுக்கான் பிடிக்கும் ஹாருன்.

“பேசாம இருடா.”

மூன்று முறை ஊதினார். கீழே பயணிகள், “என்ன சாரெங், கல்யாண ஊர்வலமா?” என்று கத்தத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் வளைவைக் கடந்தார். அலைகூட வரவில்லை.

அவருடைய ஊரான பொடுவா துறையில் மழையே பெய்யவில்லை. ஆனால் மிதவை மேடை முழுக்க ஈரம். கயிறு வாங்கிக் கட்டும் ரமீஸ் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

“உங்களுக்கு முன்னாடியே ஒரு லாஞ்ச் வந்து ஆளுங்களை இறக்கிட்டுப் போச்சு, சாரெங் சாகிப். பொம்பளைங்க, குழந்தைங்க, எல்லாரும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தாங்க. உங்க வீட்டைத்தான் கேட்டாங்க. பாவமா இருந்துச்சு, நானே கூட்டிட்டுப் போய் விட்டேன். உங்க பொண்ணுதான் கதவைத் திறந்துச்சு.”