பிஸ்டன் போட்ட கீறல்

மண்மேடுகளில் ஓடும் ஒரு டூ-ஸ்ட்ரோக் பைக்கின் எஞ்சினுக்குள் ஒரு சிலிண்டரும் அதற்குள் மேலும் கீழும் ஓடும் ஒரு பிஸ்டனும் சேர்ந்து வாழ்ந்தன. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் அவை உரசிக்கொள்ளாமல் காத்து வந்தது.

ஒருநாள் பைக்காரன் ஆயில் கலக்க மறந்துவிட்டான். மேடு ஏறும்போது பிஸ்டனுக்கு உடம்பெல்லாம் காந்தியது. சொன்னால் சிலிண்டர் பயந்துவிடும் என்று அது வாயைத் திறக்கவில்லை. சிலிண்டருக்கும் உள்சுவர் எரிந்தது. ஓடி உழைக்கிற பிஸ்டனே சும்மா இருக்கும்போது நாம் என்ன முனகுவது என்று அதுவும் பொறுத்துக்கொண்டது. மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே பிஸ்டன் வீங்கி, இறுகி, அப்படியே நின்றுவிட்டது.

மெக்கானிக் அருள்தாஸ் எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி, இரண்டையும் ஒரே துணியில் வைத்தார்.

"உனக்கு எப்போதிலிருந்து சுட்டது?" என்று சிலிண்டர் கேட்டது.

"ஏற்றம் தொடங்கியதிலிருந்தே. உனக்கு?"

"எனக்கும் அப்போதிருந்துதான்."

"சொல்லியிருந்தால் அடிவாரத்திலேயே நின்றிருப்பேனே" என்றது பிஸ்டன்.

அருள்தாஸ் பிஸ்டனைத் திருப்பிப் பார்த்தார். "இது போயிடுச்சு. சிலிண்டரை உள்ளே கடைஞ்சு, புது பிஸ்டன் போட்டா ஓடும்" என்று பைக்காரனிடம் சொல்லிவிட்டு, பழைய பிஸ்டனைக் கழிவு டப்பாவில் போட்டார்.

லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடையும் கருவிக்கு அடியில் பொருத்தினார்கள். அதன் சுவரில் பிஸ்டன் கடைசியாக இழுத்த நீளமான கீறல்கள் இருந்தன. "அவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று சிலிண்டர் கெஞ்சியது. கருவி சுழன்றபடி உள்ளே இறங்கியது.

புது பிஸ்டன் வழவழப்பான சுவரைத் தொட்டுப் பார்த்தது. "இங்கே எனக்கு முன்னால் யாருமே இருந்ததில்லை போலிருக்கிறதே" என்று சந்தோஷப்பட்டது.

சிலிண்டர் "ஆமாம்" என்றது.