சமத்துவத்தில் இருபத்தைந்து ஆண்டு

"இருபத்தஞ்சு வருஷமா அடித்தட்டு மக்களோடதான் என் வாழ்க்கை," என்றார் சித்தார்த்தன்.

சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் உழைக்கும் பெண்கள் சங்கத்தின் சின்ன அறை அது. எதிரே சங்கத் தலைவி குல்சும். வீட்டு வேலை செய்பவள். பக்கத்தில் பொருளாளர் தேசம்மா. காலையில் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள்.

அடையாறில் ஏசி போட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து, சமத்துவம், சமூக மேம்பாடு என்று பேசியே பெரிய மனிதரானவர் சித்தார்த்தன். இன்று கதர் ஜிப்பாவில் வந்திருந்தார். கையில் கனத்த ஃபைல்.

"இது ஜெனிவா மாநாடு. இது எனக்குக் கிடைச்ச விருது. இது உங்க ஏரியாவுலயே எடுத்தது," என்று படங்களைப் புரட்டினார்.

தேசம்மா குனிந்து பார்த்தாள். "முக்காடு போட்டுக்கினு நிக்கிறது நீதானே குல்சும்?"

"நான்தான். நாள் பூரா வெயில்ல நிக்க வச்சு, ஒரு பிஸ்கட் பாக்கெட் குடுத்தாங்க."

சித்தார்த்தன் அவசரமாக அடுத்த பக்கத்துக்குப் போனார். "நாங்க யாரையும் பயனாளின்னு சொல்றதே இல்லம்மா. பங்காளின்னுதான் சொல்வோம்."

"பங்காளின்னா சொத்துல பங்கு குடுப்பியா சார்?" என்றாள் தேசம்மா.

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை.

"பெரிய வெள்ளம் வந்தப்ப எங்க சார் இருந்தீங்க?" குல்சும் கேட்டாள்.

"டெல்லியில, வெள்ளத்தைப் பத்தின கருத்தரங்குல. இந்தத் தெருவைப் பத்தியே ஒரு மணி நேரம் பேசினேன். எத்தனையோ பேர் கண் கலங்கிட்டாங்க."

"இங்க கழுத்தளவு தண்ணி. நீ அங்க அவங்க கண்ணுல தண்ணி வரவச்சுக்கினு இருந்தியா?" என்றாள் தேசம்மா.

சித்தார்த்தன் கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"இந்த ஏரியாவுல மொத்தம் எத்தினி தெரு சார்?" மறுபடியும் தேசம்மாதான் கேட்டாள்.

ஃபைலில் தேடினார். முன்னும் பின்னும் புரட்டினார். "டேட்டா ஆபீஸ்ல இருந்திச்சு…"

"பதிமூணு," என்றாள் குல்சும்.

"எண்ணிக்கையை விடுங்கம்மா. விளிம்புநிலை மக்களுக்கு வழிகாட்ட என்னை மாதிரி அனுபவசாலிங்க வேணும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே ஆரம்பிச்சிடுறேன்." குரல் சற்று இறங்கியிருந்தது.

குல்சும் தேசம்மாவைப் பார்த்தாள். தேசம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

குல்சும் ஃபைலை மூடி, மரியாதையாக அவரிடமே நீட்டினாள். "உங்க ஆபீசை மூடிட்டாங்கன்னு கேட்டு எங்களுக்கும் வருத்தம்தான் சார். ஆனா எங்க சங்கத்துச் செயலாளர் வேலைக்கு, தெருத்தெருவா நடக்குற ஆளு வேணும். இன்டர்வியூவுக்கு வெளியில இன்னும் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. போறப்ப அடுத்தவங்களை உள்ள வரச் சொல்லிட்டுப் போங்க."