நீலமாகப் பறந்த பலகை

கணினித் திரையில் அன்றுதான் வரையப்பட்ட அலமாரிப் பலகைக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இன்னைக்கு எனக்குச் சோதனை! எவ்வளவு கனம் வேணும்னாலும் ஏத்துங்க!" என்று கத்தியது.

மேலே தலைகீழாக நின்ற அம்புக்குறி சிரித்தது. "அந்தக் கனமே நான்தான். வரவா?"

ஓரத்திலிருந்த குட்டிப் பூட்டு பதறியது. "கொஞ்சம் பொறுங்க. இவரை முதல்ல சுவரோட சேர்த்துப் பிடிச்சுக்கிறேன்."

"என்னையா? என்னை யாரும் கட்டிப்போட வேண்டாம், போய்யா!"

வரைந்த பொருள் கனம் தாங்குமா என்று சோதிக்கும் அந்த மென்பொருளுக்குப் புதியவளான தேன்மலரும் பூட்டை மறந்தே போனாள். 'இயக்கு' பொத்தானைத் தட்டினாள். அம்பு தொட்டதுதான் தாமதம், பலகை விர்ரென்று திரையை விட்டே பறந்தது.

திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் நீலம். அந்தத் திரையில் நீலம் என்றால் நோகாத இடம். சிவப்பு என்றால் நோகிற இடம்.

"பார்த்தீங்களா! ஒரு இடத்துலகூட வலிக்கலை! ஜெயிச்சுட்டேன்!"

தேன்மலர் தலையில் அடித்துக்கொண்டு, பலகையின் ஒரு முனையில் பூட்டைப் போட்டாள். மறுபடி தட்டினாள். இந்த முறை பலகை பறக்கவில்லை, வளைந்தது. பூட்டு பிடித்திருந்த முனை செக்கச்செவேலென்று சிவந்தது.

"ஐயோ, வலிக்குதே! அம்பு, என்னய்யா பண்றே?"

"அப்பவும் இதேதான் பண்ணேன்," என்றது அம்பு. "இப்பதான் நீ என்னைத் தாங்குறே."

பலகை தன் சிவந்த முனையை ஒருமுறை பார்த்தது.

"தம்பி பூட்டு, விட்டுடாதே! அம்பு, இன்னும் கொஞ்சம் அழுத்து!"