தாலிக்கு வைத்த லென்ஸ்

அவர் மறுபடியும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

இருந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

மணமேடையில் பெண்ணின் அப்பா இப்படி நெஞ்சைத் தொட்டுக்கொண்டே நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சம்பந்தி இரண்டு தடவை தண்ணீர் கொடுத்தனுப்பிவிட்டார். பாவம், நல்ல மனிதர்.

நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை. பையில் இருந்தது மீன் முட்டை.

உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடி டப்பா. அதில் கடுகைவிடச் சின்னதாக மீன் கருக்கள். மாதக்கணக்கில் முட்டையே போடாமல் போக்குக் காட்டிய கிழட்டு ஜோடி, போயும் போயும் நேற்று விடிகாலையில் போட்டுத் தொலைத்தது. மீனுக்கு முகூர்த்தம் தெரியுமா என்ன!

அந்த ஜோடி நன்றாகத்தான் நீந்தும். அதன் குஞ்சுகளுக்குக் கருவிலேயே இதயம் உருவாகும்.

துடிக்காது.

துடிக்க வைக்கும் மரபணுவே பழுது என்றார்கள் எல்லோரும். இவர் இல்லை என்றார். அதில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை, மேலே பூட்டுத் தொங்குகிறது, அவ்வளவுதான். கரு உருவான முதல் சில மணி நேரத்துக்குள் அதைத் திறந்துவிடலாம். இருபது வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கருத்தரங்குகளில் முதலில் வாதாடினார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு அதுவும் இல்லை.

நேற்று ஒரு புது வழியில் திறந்து பார்த்திருந்தார்.

திறந்திருந்தால், துடிப்பு இன்று காலை தொடங்க வேண்டும். இந்நேரம்.

மாணவர்கள் யாரையாவது பார்க்கச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேரும் கீழே பந்தியில் பொங்கலை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரே பத்திரிகை வைத்து அழைத்தவர்கள்தானே.

சாரதாமணியிடம் செய்த சத்தியம் வேறு. மகள் பிறந்தபோது அவர் லேபில் இருந்தார். காது குத்தியபோதும் லேபில். பட்டமளிப்பு விழாவுக்கு நாற்காலிகளை அடுக்கும்போது வந்து சேர்ந்தார். இந்த முறை மனைவி சத்தம் போடவில்லை. "கல்யாணத்தன்னிக்கு லேப் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

பண்ணினார்.

மிதிக்கவும் இல்லை. நேற்றே எடுத்து வந்துவிட்டார். கருவுக்கு வேண்டிய கதகதப்பு சட்டைப் பையிலேயே கிடைத்தது.

தாலித் தட்டு கூட்டத்தைச் சுற்றி மேடைக்குத் திரும்பியது. போட்டோகிராபர் சேவியர், அரிசி மணியையும் ஆனையாகக் காட்டும் லென்ஸ் ஒன்றை வீடியோ கேமராவில் மாட்டிக்கொண்டு தாலியின் மேல் குனிந்தார். மண்டபத்துப் பக்கச் சுவரில் இருந்த பெரிய திரையில் பொன்மணி பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது.

அவர் திரையைப் பார்த்தார். லென்ஸைப் பார்த்தார். கை பைக்குள் போனது. வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

மகள் பார்த்துவிட்டாள்.

வினோதினிக்கு இதெல்லாம் புதிதா? எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே அவர் மடியில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவள்.

"அப்பா, கொண்டாந்துட்டீங்களா?"

அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

"குடுங்க இப்படி."

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமலே தன் போனில் டார்ச்சைப் போட்டு நீட்டினார். தட்டில் போன். போன் மேல் டப்பா. மணப்பெண் கண் காட்ட, சேவியர் லென்ஸை அதன் மேல் கொண்டுபோனார்.

திரையில் கண்ணாடி உருண்டை ஒன்று தெரிந்தது. உள்ளே சுருண்டு கிடந்தது ஓர் உயிர்.

மாப்பிள்ளையின் அத்தை அதை ஸ்கேன் என்றே முடிவு செய்து, மணப்பெண்ணின் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

"மீனுங்க! மீன்!" என்று மேடையிலிருந்து கத்தினார் அவர்.

மண்டபம் முழுக்கத் திரையின் பக்கம் திரும்பியது.

வால் சொடுக்கியது. அது கணக்கில் வராது. இந்தக் குஞ்சுகளுக்கு வால் எப்போதும் சொடுக்கும். பார்க்க வேண்டியது அதற்கு மேலே, நெஞ்சில்.

அவரால் அங்கே பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் இமை கொட்டாமல் பார்த்தவருக்கு இப்போது பயம் வந்துவிட்டது. மகளின் முகத்தையே பார்த்தார். எதுவானாலும் அதில் தெரிந்துவிடும்.

அவள் புருவம் சுருங்கியது.

இன்னும் சுருங்கியது.

சட்டென்று முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா!" என்று மருதாணிக் கையை மேலே தூக்கினாள்.

மேடையில் ஒரு கை உயருவதற்குத்தான் தவில்காரர் காத்திருந்தார். யார் கை என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? கெட்டிமேளம் வெடித்தது.

ஐயர் பதறிக் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் சரியாகத்தான் இருந்தது. தாலியை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை கட்டினார்.

மண்டபமோ இன்னும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதி அட்சதை சுவர்ப் பக்கம் போய் விழுந்தது. சேவியர் லென்ஸை நகர்த்தவே மறந்துபோனார்.

அவர் மட்டும் திரும்பவில்லை.

மகள் தலை குனிந்ததைப் பார்த்தார். முடிச்சு விழுந்ததைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து, தன்னைத் தேடி, கண்டுபிடித்ததைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. துடைக்கும் நேரத்தில் ஏதாவது தப்பிவிடுமோ என்று துடைக்காமலே நின்றார்.

பக்கத்தில் சாரதாமணி. காலிப் பையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அப்புறம் அவரை வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு அவர் மோவாயைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"கட்டியாச்சு. இப்ப அங்க பாருங்க."