மாப்பிள்ளை ஏறிய மலை

"அந்த மலையில நீங்க எப்படி ஏறினீங்க, சொல்லுங்க."

மாப்பிள்ளையைக் கேள்வி மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா ஊரிலிருந்து போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், சந்திரா அக்கா வீட்டு சோபாவில், என்னைப் பெண் பார்க்க வந்த பாலமுருகன் சிரித்தான். திருமண இணையதளத்தில் அவன் போட்டிருந்த இரண்டு படங்களில் ஒன்று ஜோர்டான் பாலைவனத்தில் எடுத்தது. சின்ன மலை, உச்சியில் ஓர் ஆள், தலையில் துணி, முதுகில் சிவப்புப் பை. முகம் தெரியாது.

"சின்ன மலைதானங்க. சும்மா நடந்தே போயிட்டேன்."

"கடைசியில பாறையைக் கையால பிடிச்சு ஏற வேண்டாமா?"

"அதெல்லாம் லேடீஸுக்குக் கஷ்டம். கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க கீழ நின்னு போட்டோ எடுங்க, போதும்."

"விடு ஹரிப்ரியா," என்றாள் அக்கா. "நல்ல வேலையில இருக்கிற பையன்."

எழுந்தேன். வாசலோரம் கோட்டுக்கு அடியில் தொங்கிய என் சிவப்புப் பையை எடுத்து, அவனுக்கு முதுகைக் காட்டி மாட்டிக்கொண்டேன்.

"இப்ப அடையாளம் தெரியுதா? எங்க யுனிவர்சிட்டி மலையேற்ற கிளப் வெப்சைட்ல இருந்து என் படத்தைத்தான் எடுத்துப் போட்டிருக்கீங்க."

பதிலுக்கு நிற்காமல் படியிறங்கினேன்.